வெள்ளைக்கரை இலை மேப்பிள்: ரொறன்ரோ வளவுக்கு எதை வாங்குவது?

மே மாதம் பிறந்ததும் ரொறன்ரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்து நர்சரிகளில் கூட்டம் சேரும். தக்காளிக் கன்றும் மிளகாய்க் கன்றும் வாங்கப் போனவர்கள் திரும்பும் வழியில் ஒரு மரத்தடியில் நின்றுவிடுவார்கள்: நடுவில் பச்சை, ஓரத்தில் வெண்ணெய் நிறக் கரை போட்ட இலை. இல்லாவிட்டால் இளஞ்சிவப்பும் வெள்ளையும் பச்சையும் கலந்து தெளித்த இலை. ஊரில் படலையடியில் குறோட்டன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இலையில் நிறம் தேடுவது பழகிய ஆசைதான். குறோட்டனை இங்கே குளிர் தொடங்குமுன் வீட்டுக்குள் தூக்கி வைக்கவேண்டும். இந்த மேப்பிள்கள் பனியிலும் வெளியிலேயே நிற்கும்.

எத்தனை வருடம் அதே நிறத்தோடு நிற்கும், அதற்காக யார் மெனக்கெடுவது என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. இந்தப் பகுதியில் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று. முதலாவது, நோர்வே மேப்பிளின் வெள்ளைக்கரை வகையான ‘ட்ரமொண்டி’. நர்சரிச் சீட்டில் ‘ஹார்லெக்வின்’ என்று இருக்கும். இரண்டாவது, மனிடோபா மேப்பிளில் வந்த ‘ஃபிளமிங்கோ’. மூன்றாவது, ஜப்பானிய மேப்பிளில் ‘பட்டர்ஃபிளை’.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பார்த்த, காற்று மறைவான ஒரு மூலை உங்களிடம் இருந்தால் பட்டர்ஃபிளை. முழு வெயில் மட்டுமே இருக்கிறது, வருடா வருடம் கத்தரிக்கோலை எடுக்க உங்களுக்குச் சோம்பல் இல்லை என்றால் ஃபிளமிங்கோ. ஹார்லெக்வின் வேண்டாம். அதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

வெள்ளை எங்கிருந்து வருகிறது

இலையில் வெள்ளையாக இருக்கும் பகுதியில் பச்சையம் இல்லை. கிளை நுனியில், புதிய இலைகள் உருவாகும் இடத்தில், உயிரணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் ஓர் அடுக்கு பச்சையம் செய்யும் திறனை இழந்திருக்கும், மற்றவை வழக்கம்போல் பச்சையாக இருக்கும். இரண்டும் ஒரே கிளையில் சேர்ந்தே வளர்வதால்தான் ஓரம் வெள்ளையும் நடு பச்சையுமாக இலை வருகிறது. கரை போட்ட மேப்பிள்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். மரத்துக்கு நோய் ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பாடு தயாரிக்கும் இடம் குறைவு.

இந்த ஒரு காரணத்திலிருந்தே மற்றதெல்லாம் பின்தொடர்கிறது. விதை போட்டால் தாயைப்போலக் கரை போட்ட கன்று கிடைக்காது. ஒட்டுக்கட்டியோ தண்டு நட்டோதான் பெருக்குகிறார்கள், விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பச்சை மரத்தைவிட மெதுவாக வளரும். யூலையில் 30 டிகிரிக்கு மேல் போய், மழையும் இல்லாமல் ஒரு வாரம் இருந்தால், முதலில் கருகுவது அந்த வெள்ளைக் கரைதான். ஓரமெல்லாம் பழுப்பாகிக் காய்ந்த தாள்போல ஆகிவிடும். கருகிய இலை அந்த வருடம் திரும்ப அழகாகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பச்சைக்குத் திரும்புவது. அந்த அடுக்குகள் எப்போதும் ஒழுங்காக இருப்பதில்லை. ஒரு மொட்டில் பச்சை அடுக்கு வெள்ளையின் இடத்தைப் பிடித்துவிட்டால், அதிலிருந்து வருகிற கிளை முழுக்கப் பச்சையாக இருக்கும். முழுப் பச்சைக் கிளைக்குச் சாப்பாடு அதிகம், ஆகவே பக்கத்திலுள்ள கரை போட்ட கிளைகளைவிட வேகமாக ஓடும், அவற்றுக்கு மேலால் நிழல் விழுத்தும். நாலைந்து வருடம் கவனிக்காமல் விட்டால் மரத்தின் பாதி சாதாரணப் பச்சை. சில சமயம் இதற்கு எதிராக முழு வெள்ளைக் கிளையும் வரும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், தனியாக உயிர் பிழைக்காது, மற்றக் கிளைகளின் தயவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் காயும்.

மருந்து ஒன்றுதான். பச்சைக் கிளை கண்ணில் பட்டதும், அது தொடங்குகிற இடம் வரை போய், அடியோடு வெட்டவேண்டும். நுனியை மட்டும் கிள்ளினால் அதே பச்சை மொட்டுகளிலிருந்து இன்னும் இரண்டு மூன்று வரும். யூனிலும் யூலையிலும் இலை முழுதாக விரிந்திருக்கும்போது எது பச்சை, எது கரை என்று தெளிவாகத் தெரியும், அப்போதே செய்துவிடலாம். மார்ச்சில் வெட்டினால் மேப்பிள் சாறு ஒழுகும். மேப்பிள் சிரப் காய்ச்ச எடுக்கிற அதே ஓட்டம்தான் அது. மரத்துக்குப் பெரிய கேடு இல்லை, கீழே நிற்கும் காருக்குத்தான்.

ஆகவே மரங்களை ஒப்பிடும்போது நான் இலையின் அழகைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, பச்சைக் கிளை வரும்போது என் கை அதற்கு எட்டுமா என்பதை.

ஹார்லெக்வின்: அழகு முதலில், கணக்கு பிறகு

நியாயமாகச் சொன்னால் மூன்றிலும் தூரத்திலிருந்து அழகானது இதுதான். கரை அகலமாக, இலை பெரிதாக, மாலை வெளிச்சத்தில் முழு மரமும் வெளுத்துத் தெரியும். ஸ்கொட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரத்து ட்ரமொண்ட் நர்சரியிலிருந்து வந்ததால் ‘ட்ரமொண்டி’ என்ற பெயர். நூறு வருடத்துக்கு மேலாக விற்பனையில் இருக்கிறது. குளிருக்குப் பயப்படாது. களிமண்ணைத் தாங்கும். வீதி உப்பையும் மற்ற மேப்பிள்களைவிட நன்றாகவே தாங்கும். சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் வாசித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

சிக்கல் அதன் குலத்தில். நோர்வே மேப்பிள் ஐரோப்பிய மரம். 1756இல் பிலடெல்ஃபியாவில் ஜோன் பார்ட்ரம் என்ற தாவரவியலாளர் அதை வட அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டச்சு எல்ம் நோய் வீதியோர எல்ம் மரங்களை வரிசை வரிசையாகக் கொன்றபோது, அந்த இடங்களை நிரப்ப நகரங்கள் அதிகமாக நட்டவற்றில் இதுவும் ஒன்று. வேகமாக வளர்ந்தது, எதையும் தாங்கியது, எல்லாருக்கும் பிடித்தது. பிறகு அதன் விதைகள் ரொறன்ரோவின் பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் பறந்துபோய் முளைத்தன. உள்ளூர் மரங்களுக்கு முன்பே இலை விட்டு, அவை உதிர்த்த பிறகும் இலையோடு நின்று, கீழே எதையும் முளைக்கவிடாத கரிய நிழலைத் தருகிறது. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இதை விற்கத் தடை. ஒன்ராறியோவில் தடை இல்லை, ஆனால் இங்கே இயற்கை ஆர்வலர் எவரிடமாவது இந்தப் பெயரைச் சொன்னால் முகம் சுழிப்பார்கள்.

நாட்டின் கொடியிலேயே மேப்பிள் இலை இருக்கும் தேசத்தில் இதைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. 2012இல் வெளிவந்த 20 டாலர் பிளாஸ்டிக் நோட்டில் இருப்பது கனடா மேப்பிள் மாதிரி இல்லை, நோர்வே மேப்பிள் மாதிரி இருக்கிறது என்று ஒரு தாவரவியலாளர் அடுத்த வருடம் சொல்லப்போய் அது செய்தியாகிவிட்டது. மத்திய வங்கி, எந்த ஓர் இனத்தையும் குறிக்காத கற்பனை இலை அது என்று பதில் சொன்னது. உங்கள் வீட்டு முன்னால் நிற்பது எது என்று தெரியவேண்டுமானால், இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் நோர்வே. சிரப் காய்ச்சச் சாறு எடுக்கிற சுகர் மேப்பிளில் பால் வராது.

கரை போட்ட வகைதானே, அது அவ்வளவு பரவாது என்று நர்சரியில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பச்சைக்குத் திரும்பிய கிளைகளோ சாதாரண நோர்வே மேப்பிள் கிளைகளேதான். பூக்கும், காய்க்கும், விதை பறக்கும். ட்ரமொண்டி பச்சைக்குத் திரும்புவதில் பேர்போன மரம். இந்த நகரத்துப் புறநகர் வீதிகளில் கொஞ்ச நேரம் நடந்தால், ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கரும்பச்சையாகவும் நிற்கிற மரம் ஒன்றாவது கண்ணில் படும். உரிமையாளர் கவனிக்கவில்லை என்று சொல்வது சுலபம். மரம் 10 மீட்டருக்கு மேல் வளர்வது; உச்சியில் வருகிற பச்சைக் கிளைக்கு ஏணி எட்டாது. பயிற்சி பெற்ற மரவெட்டும் ஆளைக் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் சில நூறு டாலர். முதல் பத்து வருடம் நீங்களே செய்யலாம். அதன் பிறகு அந்த வெள்ளைக்கரைக்கு நீங்கள் வாடகை கட்டுகிறீர்கள்.

இலையில் கரும்புள்ளி விழும் காளான் நோயும் இதற்கு உண்டு. ஓகஸ்ட் முடிவில் தார் தெளித்ததுபோல இலை முழுக்கக் கறுப்பு வட்டங்கள். மரம் சாகாது, ஆனால் அழகுக்காக வாங்கிய இலை அது. இலையுதிர்காலத்திலும் மங்கிய மஞ்சள்தான், சுகர் மேப்பிளின் நெருப்பு நிறம் கிடையாது. வேர் மேலாக ஓடுவதால் அடியில் புல்லும் சரியாக வராது, பக்கத்துப் பாத்தியில் பாகற்கொடி போட்டால் தண்ணீரையெல்லாம் இது குடித்துவிடும்.

பிடிக்காவிட்டால் வெட்டிவிடலாம் என்றும் நினைக்கவேண்டாம். ரொறன்ரோவில், நிலத்திலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 சென்ரிமீட்டர் குறுக்களவுக்கு வந்துவிட்ட எந்த மரத்தையும், உங்கள் சொந்த வளவில் இருந்தாலும், நகரத்தின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. மார்க்கத்தில் அந்த எல்லை 20 சென்ரிமீட்டர். வேலியோரம் நட்டு, அடிமரம் எல்லைக்கோட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டால் ஒன்ராறியோச் சட்டப்படி மரம் இரு வீட்டாருக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும்.

ஃபிளமிங்கோ: கத்தரிக்கோல் பிடிப்பவர்களுக்கு

ஃபிளமிங்கோவின் இலை மேப்பிள் இலை மாதிரியே இருக்காது. ஒரு காம்பில் மூன்று முதல் ஐந்து சிற்றிலைகள், முருங்கை இலையைத் தூரத்தில் நினைவூட்டும் அமைப்பு. புதிய தளிர் இளஞ்சிவப்பு. விரிய விரிய வெள்ளையும் பச்சையும். அந்த இளஞ்சிவப்புக்காகத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள், அது புதுத் தளிரில் மட்டுமே வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. பழைய கிளையாகவே விட்டு வைத்த மரம் யூன் முடிவில் வெறும் வெள்ளை-பச்சையாகிவிடும்.

இதற்கு வழி, வருடத்துக்கு ஒரு முறை குளிர்கால முடிவில் நன்றாகக் குறைத்து வெட்டுவது. ஐரோப்பாவில் பல இடங்களில் ஒரே உயரத்துக்கு மொட்டையடித்துவிடுவார்கள். அங்கிருந்து கோடையில் ஆளுயரத்துக்குத் தளிர் வரும், அத்தனையும் நிறத்தோடு. வெட்டாமல் விட்டால் 5 மீட்டரைத் தாண்டும். வெட்டினால் நீங்கள் நிறுத்துகிற உயரத்தில் நிற்கும். கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்துக்கொண்டால் பச்சைக்குத் திரும்பும் கிளைகளையும் அதே கையோடு எடுத்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஹார்லெக்வினுக்கு மேலே இதை வைக்கிறேன்.

குளிர்? மனிடோபா மேப்பிள் புல்வெளி மாகாணங்களின் மரம், கனடாவில் அதைவிடக் கல்லுளிமங்கன் கிடைப்பது கஷ்டம். ஃபிளமிங்கோ அவ்வளவு உறுதி இல்லை, நெதர்லாந்திலிருந்து வந்த வகை. இருந்தாலும் ரொறன்ரோ குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெயில் நிறைய வேண்டும். தண்ணீர் போதுமானால் இலை கருகுவதும் குறைவு.

குறைகளையும் சொல்லவேண்டும். மரம் மென்மையானது, ஈரப்பனி பாரமாகவோ, உறைமழை கிளையில் கட்டியாகவோ படிந்தால் முறியும். வெட்டிச் சிறிதாக வைத்திருந்தால் இந்தப் பயம் குறைவு. பச்சைக்குத் திரும்பிய கிளை என்பது சுத்தமான மனிடோபா மேப்பிள். இங்கே வேலியோரங்களிலும் கராஜ் பின்னாலும் யாரும் நடாமலே முளைத்து நிற்கும் அந்தக் களைமரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே அடியிலிருந்து வருவதும் அதுவே. இந்த இனத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்க்கும் மரங்களுக்குக் கறுப்பும் சிவப்பும் கலந்த ஒரு பூச்சி கூட்டமாக வரும், இலையுதிர்காலத்தில் வெயில் படும் சுவர்களில் ஒட்டிக்கொண்டு யன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள்ளும் நுழையும். கடிக்காது, அருவருப்புத்தான். கடுமையாக வெட்டப்படும் மரம் காய்ப்பது அரிது.

வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தாக்குக் காடு இருக்கிறவர்கள் இதையும் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களுக்கு, முழு வெயில் விழும் பின்வளவுப் புதர் வரிசையில், பெரிய மரமாக நினைக்காமல் பெரிய செடியாக நினைத்து வைத்தால் காசுக்கு நியாயம் செய்யும்.

பட்டர்ஃபிளை: இடம் சரியாக இருந்தால்

மூன்றிலும் சிறியது, மெதுவானது, விலை கூடியது. 2 முதல் 3 மீட்டர் வரை போகப் பல வருடம் எடுக்கும். இலை கையளவுக்கும் சிறிது, ஒன்றைப்போல ஒன்று இருக்காது: சாம்பல் கலந்த பச்சையில் வெள்ளை ஓரம், வசந்தத்தில் அந்த ஓரத்தில் இளஞ்சிவப்பு. இலையுதிர்காலத்தில் அதே வெள்ளை ஓரங்கள் செந்நீலமும் சிவப்புமாக மாறும். மற்ற இரண்டிலும் இந்த இரண்டாவது அரங்கேற்றம் கிடையாது. வீட்டு வாசலுக்குப் பக்கத்தில், யன்னலிலிருந்து பார்க்கிற தூரத்தில் இருக்கவேண்டிய மரம். வீதியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் இதன் அழகு பாதி தெரியாது.

பச்சைக் கிளை இதிலும் வரும். மரம் முழுக்க உங்கள் நெஞ்சு உயரத்திலேயே இருக்கிற வருடங்களில் அது ஒரு சின்னக் கத்தரிக்கோல் வேலை. உரம் அதிகமாகக் கொடுத்தால் பச்சை வேகமெடுக்கும். நல்ல உக்கல் மண்ணை மேலே போடுவதோடு நிறுத்திக்கொள்வது புத்தி.

இடம் தான் இதற்கு எல்லாமே. காலை வெயில், பிற்பகல் நிழல்: வீட்டின் கிழக்குப் பக்கம் அதற்கென்றே அமைந்ததுபோல. மேற்குப் பார்த்த செங்கல் சுவருக்கு முன்னால் வைத்தால் யூலையில் வறுபடும். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று நேராக அடிக்கிற மூலையில் நுனிக்கிளைகள் காயும். நவம்பரில் நான்கு முளை அடித்துச் சாக்குத்துணி சுற்றுவது முதல் சில வருடங்களுக்குப் பயன்படும். டிரைவ்வே ஓரத்தில் வேண்டாம். உப்பும் சேர்ந்த பனியை ஸ்னோ ப்ளோவர் அதன் தலையில் கொட்டும். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் இடத்துக்குக் கீழேயும் வேண்டாம். முயல்கள் பனிக்காலத்தில் பட்டையைச் சுற்றிவரக் கடித்துவிட்டால் மரம் முடிந்தது. அடியில் கம்பிவலைச் சுற்று போடச் செலவு சொற்பம்.

ஏப்ரல் கடைசியில் சூடாகி, இலை விரிந்து, மே நடுப்பகுதியில் ஒரு இரவு உறைபனி விழுவது இங்கே வழக்கம். அந்த இரவில் பழைய படுக்கை விரிப்பொன்றை மேலே போட்டால் போதும். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி வடக்கே, ஸ்டூஃப்வில் பக்கம் போகப் போகக் குளிர் கூடுகிறது. அங்கே இருப்பவர்கள் பட்டர்ஃபிளை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கவேண்டும்.

தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்பார்கள். கோடையில் தாராளமாக. பனிக்காலத்தில் பிரச்சினை வேருக்கு. நிலத்துக்குள் இருக்கும் வேரை மண்ணும் பனியும் காக்கின்றன. தொட்டியில் எல்லாப் பக்கமும் காற்றுப் படும். ஜப்பானிய மேப்பிள் வேர் -10 டிகிரி அளவிலேயே செத்துவிடும், வெளிக்கிளை அதைவிட எவ்வளவோ தாங்கினாலும். சூடேற்றாத கராஜுக்குள் வைத்து, மண் முற்றாகக் காயாமல் இடைக்கிடை கொஞ்சம் தண்ணீர் விட்டால் பிழைக்கும்.

ஜப்பானிய மேப்பிளில் வேறு இருநிற வகைகளும் உண்டு. ‘உகிகுமோ’ இலை முழுக்க வெள்ளைப் பொட்டுத் தூவியது, இன்னும் மென்மையானது, நிழல் கட்டாயம். ‘ஒரிடோனோ நிஷிகி’ இளஞ்சிவப்புக் கூடியது, பச்சைக்குத் திரும்புவதும் கூடியது. முதல் மரத்துக்கு இரண்டையும் சொல்லமாட்டேன். நியூசிலாந்திலிருந்து வந்த ‘எஸ்க் சன்செற்’ என்ற இலைக்கடியில் ஊதா நிறம் கொண்ட சைகமோர் மேப்பிள், படத்தில் பார்த்தால் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். ஆனால் அது மிதமான குளிர்காலத்துக்கு, வன்கூவர் மாதிரி இடங்களுக்கு, ஏற்றது.

கத்தரி நின்ற பாத்தியில் மேப்பிள் நடவேண்டாம்

மேப்பிள் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் ஒரு வரியில் கடந்து போகிற விஷயம் இது, எங்கள் வீடுகளுக்கோ முதல் வரியாக இருக்கவேண்டியது. வெர்ட்டிசிலியம் என்று ஒரு மண் காளான் இருக்கிறது. வேர் வழியாக ஏறித் தண்ணீர்க் குழாய்களை அடைக்கும். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, மிளகாய், வெண்டி எல்லாம் அதற்குப் பிடித்த பயிர்கள். மேப்பிளும் அப்படியே, அதிலும் ஜப்பானிய மேப்பிள் மிகச் சுலபமாகப் பிடிபடும். நோய்க் காளான் பயிர் இல்லாமலே பத்து வருடத்துக்கு மேல் மண்ணில் உறங்கிக் கிடக்கும். பிடித்துவிட்டால் நன்றாக இருந்த மரத்தில் நடுக்கோடையில் ஒரு பக்கக் கிளை மட்டும் திடீரென வாடும். அந்தக் கிளையைச் சீவிப் பார்த்தால் பட்டைக்கு உள்ளே பச்சை கலந்த கோடுகள் தெரியும். மருந்து இல்லை.

எங்கள் ஆட்களின் பின்வளவுகளில் பல வருடமாகக் கத்தரியும் மிளகாயும் மாறி மாறி நின்ற இடம்தான் வெயிலும் நல்ல மண்ணும் உள்ள இடம். பிள்ளைகள் பெரிதாகி, தோட்டம் செய்ய உடம்பு இடங்கொடாமல் போனபிறகு, அந்தப் பாத்தியை மூடி ஒரு அழகு மரம் வைப்போம் என்று தோன்றுவதும் அங்கேதான். அந்த இடத்துக்கு மேப்பிள் ஒன்றும் வேண்டாம், மூன்றில் எதுவானாலும்.

மேப்பிள்தான் வேண்டுமா

இப்படியான பாத்திக்கு வில்லோ இனத்தில் ‘ஹக்குரோ நிஷிகி’ பொருந்தும். வில்லோவை வெர்ட்டிசிலியம் பொதுவாகத் தொடுவதில்லை. இலை ஏறக்குறைய ஃபிளமிங்கோ நிறமேதான், தளிர் இளஞ்சிவப்பு, பிறகு வெள்ளைப் பொட்டு. தண்டின் தலையில் ஒட்டுக்கட்டிக் குடைபோல விற்பார்கள், புதராகவும் கிடைக்கும். புதரையே வாங்குங்கள், தலையொட்டு சில வருடங்களில் ஒட்டிலேயே பழுதாவது சகஜம். தண்ணீர் நிறையக் கேட்கும். விலை பட்டர்ஃபிளையின் ஒரு பகுதிதான்.

நிழல் அதிகமான வளவுக்கு, இந்த மண்ணின் மரமான அடுக்குக்கிளை டொக்வூட்டில் ‘கோல்டன் ஷடோஸ்’. கரை வெள்ளையில்லை, எலுமிச்சை மஞ்சள். கிளைகள் மாடி மாடியாகக் கிடையாக நீளும், இலை இல்லாத பனிக்காலத்திலும் பார்க்க வடிவாக இருக்கும். பழத்துக்குக் குருவிகள் வரும்.

மேப்பிளுக்கு வெளியே பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. 2003இல் வோன்-ரொறன்ரோ எல்லையில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு மிகவும் பிடித்த உணவு மேப்பிள். ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டித்தான் அதை ஒழித்தார்கள். 2013இல் ஒழிந்தது என்று அறிவித்த அதே வருடம் மிசிசாகாவில் திரும்பவும் தென்பட, 2020 வரை அந்தப் போராட்டம் நீண்டது. வீதியில் ஏற்கெனவே எல்லா வீட்டு முன்னாலும் மேப்பிள் நிற்கிறதென்றால் உங்கள் வீட்டிலும் அதையே வைப்பதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.

வாங்கப் போகும்போது

மரம் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று சொல்ல, சீட்டில் இருக்கும் குளிர் வலய எண்ணைப் பார்க்கும்போது அது எந்த நாட்டு எண் என்று பாருங்கள். அமெரிக்க எண் வருடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்கிடுவது. கனடாவின் எண் உறைபனியில்லாத நாட்கள், மழை, பனியின் ஆழம், காற்று உட்பட ஏழு காரணிகளைச் சேர்ப்பது. இரண்டும் ஒன்றாக வராது, தெற்கேயிருந்து வந்த கன்றுகளில் அமெரிக்க எண்ணே இருக்கும். உங்கள் இடத்துக் குளிரை மட்டுமட்டாகத் தாங்குகிற மரம் என்றால் ஒரு படி கூடுதலாகவே குளிர் தாங்கும் வகையைத் தேடுவது நல்லது.

இலை விரிந்த பிறகே வாங்குங்கள். ஏப்ரலில் மொட்டைக் கன்றாக மலிவாகக் கிடைக்கும், ஆனால் எத்தனை கிளை ஏற்கெனவே பச்சைக்குத் திரும்பிவிட்டது என்று அப்போது தெரியாது. ஒட்டுக்கட்டிய இடத்தைத் தடவிப் பாருங்கள். வீக்கமில்லாமல் சேர்ந்திருக்கவேண்டும், அதற்குக் கீழே தளிர் இருக்கக்கூடாது. தொட்டிக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் நடும்போது அந்த வளையங்களை வெட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் பல வருடங்களுக்குப் பிறகு அதே வேர் அடிமரத்தை நெரிக்கும். நோர்வே மேப்பிளில் இது அடிக்கடி நடப்பது.

வீதிக்கும் உங்கள் புல்லுக்கும் இடையிலுள்ள துண்டு நிலம் நகரத்துக்குச் சொந்தம். அதில் நீங்களாக மரம் நடக்கூடாது. ரொறன்ரோவில் கேட்டால் நகரமே இலவசமாக ஒரு மரம் நட்டுத் தரும், வகைகளின் பட்டியல் அவர்களுடையது. சொந்த வளவில் குழி தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ ஒன் கோல் சேவைக்கு அறிவித்து, எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று குறித்துக்கொள்வது சட்டப்படி கட்டாயம், காசும் இல்லை. குழி ஆழத்தைவிட அகலமாக இருக்கட்டும். அடிமரம் விரிந்து வேராகிற அந்த இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும், புதைத்துவிடக்கூடாது. மரச்சீவல் மூடாக்கை 5 முதல் 10 சென்ரிமீட்டர் போடுங்கள், அடிமரத்தைத் தொடாமல்.

செப்ரெம்பரில் பல நர்சரிகள் விலை குறைப்பார்கள். ஹக்குரோவும் ஃபிளமிங்கோவும் அப்போது வாங்கி நடத் தோதானவை. மண் உறைவதற்குள் வேர் பிடித்துவிடும். பட்டர்ஃபிளைக்கு மட்டும் அந்தத் தள்ளுபடியை விட்டுவிட்டு, வசந்தத்தில் முழு விலைக்கே வாங்குவேன்.